ஒரு நர்ஸின் சிரிப்புக்கு நான் வைத்த பெயர்

போன மாதம் பி.எஃப். பேப்பரில் ஒரு கையெழுத்துப் போட அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்றைக்கு உங்கள் பேட்ச்சில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், இப்ப எல்லாத்தையும் சாஃப்ட்வேரே அடிச்சிடுது. யாராச்சும் லேசா சிரிச்சா அதுவே 'சக்கிள்ஸ்'னு போட்டுடுது. நாங்க எதுக்கு அதை வேற கேட்டுப் பாக்கணும்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடிக்க வேண்டாம் கண்ணு, நல்ல கேள்விதான். அன்றைக்குப் பதில் சொல்லாமல் கிளம்பியதற்குக் காரணம், பதில் நீளம், எனக்குத் திருநின்றவூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஓய்வு பெற்றவளுக்கு என்ன அவசரம் என்று நீங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. இருபது வருஷத்துக்கு மேல் காதை வைத்துப் பிழைத்தவள் நான். அடுத்த வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, அதுதான் அவசரம். ஓய்வு பெற்றவளுக்கும் கால் வலிக்கும்.

இப்போது சாவகாசமாக எழுதுகிறேன். நீங்களும் அந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள்.

நம் தொழில் என்னவென்று வெளியே யாருக்கும் புரிவதில்லை. எங்கோ ஒரு தேசத்தில் விசாரணை நடக்கும், கூட்டம் நடக்கும். அந்த ஒலிப்பதிவு நமக்கு வரும். பேசியதைப் பேசியபடி எழுத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் மாமியார் கடைசிவரை, "மருமக ஹெட்போன்ல பாட்டு கேக்குற வேலைக்குப் போறா" என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. "நாள் முழுக்க யாரோ சண்டை போடுவதைக் கேட்கிறேன்" என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது.

நான் விழுப்புரத்திலிருந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டத்தோடு வந்தவள். பட்டத்தைக் கையில் வைத்திருந்தால் பரவாயில்லை, தலையில் வைத்திருந்தேன். முதல் வாரம் எனக்குக் கொடுத்தது ஒரு கம்பெனி டைரக்டர்கள் கூட்டம். பத்துப் பேர் உட்கார்ந்து லாப நஷ்டம் பேசுகிறார்கள், நடுநடுவே யாராவது சிரிக்கிறார்கள். எனக்கு ஒரே குஷி. ஆங்கிலத்தில் சிரிப்புக்கு எத்தனை சொற்கள் தெரியுமோ அத்தனையையும் அதில் இறக்கினேன். ஒருவர் கிகில், ஒருவர் டிட்டர், ஒருவர் சார்ட்டில், சேர்மன் மட்டும் பெரிய மனிதர் என்பதால் அவருக்கு அடக்கமாக ஒரு சக்கிள்.

அப்போது ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர் இருந்தார். நான் ஓய்வு பெறும்வரை அவர்தான் இன்சார்ஜ். எஸ்டேட் வருவதற்கு முன்னாலிருந்தே அம்பத்தூரில் இருக்கும் குடும்பம். கல்லூரிப் பக்கம் போகாதவர். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பிடித்தவர். எந்த நாட்டுக்காரன் எப்படி இழுத்துப் பேசினாலும் அவர் காதில் விழும். என்னை "எம்.ஏ. மேடம்" என்பார், அடுத்த மூச்சிலேயே "நீ" என்பார். மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் வரும்.

அவர் என் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

"இன்னா மேடம், இது டைரக்டர் மீட்டிங்கா, சர்க்கஸ் கூடாரமா?"

"ஏன் சார்?"

"பத்து பேரு குந்திகினு கணக்கு பேசிகினு கீறானுங்க. நீ இன்னாடான்னா ஒருத்தன கோயி மாரி கூவ வுட்டுகீற, ஒருத்தன குதர மாரி கனைக்க வுட்டுகீற. அந்த சேர்மன் இத்த படிச்சான்னு வையி, பாதி பேர வேலய வுட்டு தூக்கிருவான்."

அக்கம்பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்தச் சொல்லும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம்தான், சத்தங்களுக்குச் சொல் தேர்ந்தெடுத்துத் தட்டும் நம் மெனுவில் சிரிப்புக்கு நாலே சொல் என்று சுருக்கினார்கள். உங்கள் திரையில் இன்றைக்கும் அந்த நாலுதான் இருக்கிறது. அதற்குக் காரணகர்த்தா நான்தான், வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைக்கிறீர்கள், புதிதில் செய்த தப்பைச் சொல்லிவிட்டு அறிவுரைக்கு வருவாள் என்று. இல்லை. அது தப்பே இல்லை, வெறும் கோமாளித்தனம். நிஜமான தப்பை நான் செய்தது இருபது வருஷ அனுபவத்துக்கு அப்புறம், மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்த்து, "இது துல்லியமானது" என்று சான்று கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

விசாரணைகள் எல்லாம் வீடியோவில் நடக்கத் தொடங்கியிருந்த காலம். இங்கிலாந்தில் ஓர் ஊரில் முதியோர் இல்லம். எந்த ஊர், எந்த இல்லம் என்று கேட்காதீர்கள், ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்களும் போட்டிருக்கிறீர்கள். அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸின் மீது ஒழுங்கு விசாரணை. எந்த நாட்டுக்காரி என்று தெரியாது. குரலை வைத்துப் பார்த்தால் நடு வயது, ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி இல்லை.

குற்றச்சாட்டு இதுதான். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெரியவரின் அறைக்குப் போய்ப் பார்த்ததாக அவள் நோட்டில் எழுதியிருக்கிறாள். நாலரை மணிக்கு வேறொருவர் போனபோது அவர் நாற்காலியிலேயே இறந்து கிடந்திருக்கிறார். அவள் மூன்று மணிக்குப் போகவே இல்லை, பொய்யாக எழுதிவிட்டாள் என்கிறது இல்லம். அது நிரூபணமானால் அவளுடைய நர்ஸ் பதிவு ரத்து. வேறு எங்கும் வேலை கிடைக்காது.

முதல் நாள் பதிவு. மூன்று பேர் கொண்ட குழு, தலைவர் ஒரு பெண்மணி. இல்லத்தின் வக்கீல் கேட்கிறார், "மூன்று மணிக்கு உள்ளே போனதாகச் சொல்கிறீர்களே, அப்போது அவர் உங்களிடம் என்ன சொன்னார்?"

அவளிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம். மூக்கு வழியாகப் பாதி, தொண்டையில் பாதி. அரை நொடி இருக்கலாம். அப்புறம், "ஒன்றும் சொல்லவில்லை" என்கிறாள்.

முதலில் டைப் செய்தவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். நான்தான் சரிபார்ப்பவள் ஆயிற்றே, காலியிடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒரு தடவை கேட்டேன். மெனுவைத் திறந்தேன். சக்கிள். பதிலுக்கு முன்னால் அதைச் சேர்த்து, சான்று கொடுத்து, அனுப்பிவிட்டேன். அன்றைக்குக் கேன்டீனில் வடை சூடாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மறுநாள் அதே விசாரணையின் இரண்டாம் நாள் பதிவு வந்தது. ஹெட்செட்டை மாட்டினேன். இல்லத்தின் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறார்.

"நேற்றைய எழுத்துப் பிரதி என் முன்னால் இருக்கிறது. இறந்துபோன ஒரு மனிதர் உங்களிடம் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டேன். அதற்கு நீங்கள் உள்ளுக்குள் ரசித்துச் சிரித்ததாக இதில் பதிவாகியிருக்கிறது. எதை நினைத்து ரசித்தீர்கள்?"

நான் மெனுவில் தட்டிய ஒரு சொல், கடல் தாண்டிப் போய், ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராக நீட்டப்படுகிறது. அதை நானே என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் சொன்னாள், "நான் சிரிக்கவில்லை."

"சிரிக்கவில்லையா? சான்றளிக்கப்பட்ட பிரதி சிரித்தீர்கள் என்கிறது."

"நான் சிரிக்கவில்லை, ஐயா."

"அப்படியானால் நோட்டில் எழுதியதும் இதே மாதிரியான உண்மைதானா?"

வீடியோ விசாரணை என்பதால் குழுவில் இருந்தவர்களுக்கு அந்தச் சின்னச் சத்தம் முதல் நாள் கேட்டே இருக்காது. அவளுடைய மைக்கில் மட்டும் விழுந்த ஒன்று. என் பிரதிதான் அவர்களுக்குச் சாட்சி. இரண்டு நாளில் நான் அவளை இரக்கமில்லாதவளாகவும் ஆக்கி, பொய்க்காரியாகவும் ஆக்கிவிட்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் உடனே எழுந்து போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. செய்யவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? அகராதியைத் திறந்தேன். தப்பித்துக்கொள்ள எம்.ஏ.க்காரி வேறு எங்கே ஓடுவாள்?

படித்தால் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் கோழி எழுப்பும் சத்தத்துக்கு 'சக்' என்று ஒரு சொல். சின்னதாகத் திரும்பத் திரும்பச் செய்யும் எதற்கும் அவர்கள் சொல்லின் கடைசியில் '-இள்' என்று ஒரு வால் ஒட்டுவார்கள். கோழிச் சத்தத்துக்கு அந்த வாலை ஒட்டினால் சக்கிள். நானூறு வருஷத்துக்கு மேல் பழைய சொல். பிறந்த புதிதில் அதற்கு அர்த்தம் இன்றைக்கு நாம் நினைக்கிற அடக்கமான சிரிப்பே இல்லை, ஊர் கேட்கச் சிரிப்பதுதான் சக்கிளாக இருந்திருக்கிறது. போகப் போகத்தான் அது சத்தம் குறைந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் 'களுக்', 'கெக்கெக்கே', 'குபீர்' என்றெல்லாம் சத்தத்தை வைத்தே சிரிப்பைச் சொல்கிறோமே, அந்த மாதிரிதான் அவர்களும் கோழியிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. அகராதியைத் தூக்கிக்கொண்டு இன்சார்ஜிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு வாதாடினேன்.

"சார், சக்கிள்னா சந்தோஷமா சிரிக்கிறதுன்னு வேர்ல எங்கயுமே இல்ல. வெறும் தொண்டைச் சத்தம். கோழிச் சத்தம். நான் போட்டதுல தப்பே இல்ல. அந்த வக்கீல்தான் ரசிச்சான்னு அர்த்தம் பண்ணிக்கிட்டான்."

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்தார்.

"அந்த வக்கீலு கோயி வளத்தவனா மேடம்?"

"இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா..."

"நீ எங்கே பொறந்த?"

"விழுப்புரம்."

"இப்போ எங்கே கீற?"

"திருநின்றவூர்."

"கொரியர்காரன் உன் பார்சல எங்க கொண்டாந்து குடுப்பான், விழுப்புரத்துலயா? அந்த வார்த்த எங்க பொறந்துச்சுன்னு எவன் கேட்டான்? இன்னிக்கு அது எந்த ஊட்டுல குடியிருக்குதுன்னுதான் படிக்கிறவன் பாப்பான். இன்னிக்கு அந்த வார்த்தைய படிச்சா இன்னா தோணும்? எவனோ குஷியா, உள்ளுக்குள்ளயே சிரிச்சிக்கினான்னு தோணும். தோணுமா, தோணாதா?"

"தோணும் சார்."

"அப்பாலிக்கு இன்னாத்துக்கு இந்த தலகாணி புக்க தூக்கிகினு வந்துகீற?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "குந்து" என்றார். இரண்டு பேரும் அந்த அரை நொடியைக் கேட்டோம். எத்தனை தடவை என்று கணக்கில்லை. கீழ்த்தளத்தில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியின் பிரஸ் மிஷின் சத்தம் இடைஞ்சலாக இருந்ததால், அவர் ஆளனுப்பிக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். அவர்களும் எதற்கென்று கேட்காமல் நிறுத்தினார்கள். எங்கள் இன்சார்ஜுக்கு எஸ்டேட்டில் அவ்வளவு செல்வாக்கு.

கேட்கக் கேட்க ஒன்றும் புரியவில்லை. ஒரு சமயம் சிரிப்பு மாதிரி இருந்தது, ஒரு சமயம் விம்மல் மாதிரி. இன்னொரு சமயம் சளிப் பிடித்தவள் மூச்சு விட்ட மாதிரி.

தமிழில் எழுதுவதாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று அப்போது தோன்றியது. நாம் வெறுமனே சிரித்தாள் என்று விடுவதில்லை. அசட்டுச் சிரிப்பு, நமட்டுச் சிரிப்பு, வறட்டுச் சிரிப்பு என்று எதையாவது முன்னால் ஒட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவோம். அப்படி ஒட்டுவதற்கு யோசிக்க வேண்டும், யோசித்தால் அது எந்தச் சிரிப்பென்று எனக்குத் தெரியாது என்பது தெரிந்திருக்கும். மெனுவில் தட்டுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

"சார், பிழைத்திருத்தம் அனுப்பிடலாம்" என்றேன். சான்று கொடுத்த பிரதியைத் திருத்த ஒரு படிவம் உண்டு. பெரும்பாலும் பெயர் எழுத்துப் பிழைக்குத்தான் அதை எடுப்போம். படிவத்தைத் திறந்து, "சிரிப்பு அல்ல, விம்மல்" என்று அடித்தேன்.

அவர் என் கையைப் பிடிக்கவில்லை, விசைப்பலகையையே உருவி எடுத்துக்கொண்டார்.

"நீ அவள பாத்தியா?"

"இல்ல."

"கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"தெரியாது சார். ஆனா பாவம் சார் அந்தப் பொம்பள."

"பாவந்தான். யாரு இல்லேன்னா? நேத்து நீ அவள சிரிக்க வெச்ச. இன்னிக்கு அய வெக்கப் போறியா? ரெண்டுமே உன் கத மேடம், அவ கத இல்ல."

"அப்ப என்ன சார் எழுதறது?"

"காதுல இன்னா வுழுந்துச்சோ, அது. தெரிலன்னா தெரிலன்னு எயுது. அதுக்கு இன்னா வெக்கம்?"

ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலு வரி எழுதினோம். அந்த இடத்தில் ஒரு குறுகிய மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்கிறது, அதற்குச் சிரிப்பு என்று பெயரிட்டது சரிபார்த்தவரின் ஊகம், அந்த ஊகம் தவறாக இருக்கலாம், குழு தயவுசெய்து ஒலிப்பதிவை நேரடியாகக் கேட்கவும். கீழே என் பெயர். அவர் தன் பெயரையும் போட்டார். போட வேண்டிய அவசியமே இல்லை.

அனுப்பிய மறுநிமிஷமே, அந்தப் பிரதிகளை நம்மிடம் வாங்கும் வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. நன்றி என்று ஒரு வரி. தங்கள் பிரதிகளை இனிமேல் நான் சரிபார்க்கக் கூடாது என்று அடுத்த வரி. சாயங்காலமே என்னைச் சரிபார்க்கும் நாற்காலியிலிருந்து எழுப்பி, பழையபடி டைப்பிங் வரிசையில் உட்காரவைத்தார்கள். இருபது வருஷம் கழித்து! எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று சொல்லி மாளாது. என் பழைய மேஜையிலிருந்து டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அந்த வரிசைக்கு நடந்தபோது எல்லோரும் ரொம்ப மும்முரமாக வேலை பார்த்தார்கள். அவ்வளவு மும்முரமாக அவர்கள் அதற்கு முன்னாலும் வேலை பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அன்றைக்கு வண்டியில் லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். ஆவடியில் ஒரு பெண் ஏறினாள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. போனில் யாரோ அவளைக் கிழி கிழியென்று கிழிக்கிறார்கள், எதிர் சீட்டில் இருந்த எனக்கே குரல் கேட்கிறது. இவள், "ஹெ... சரி சார்... ஹெ... ஆமா சார்" என்கிறாள். ஒவ்வொரு "சரி"க்கும் முன்னால் ஒரு குட்டிச் சிரிப்பு. போனை வைத்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதை நான் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், நானே எத்தனை தடவை செய்திருப்பேன். அத்தனைக்கும் மெனுவில் ஒரே சொல்லைத் தட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பதிவு வந்தது. டைப்பிங்குக்குப் பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்சார்ஜ் அதில் ஒரு துண்டை எனக்கு ஒதுக்கினார். "சரிபாக்கத்தான் வேணாம்னான். அடிக்க வேணாம்னு எவனும் சொல்லல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் அதை ஏற்கெனவே கேட்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை.

குழுத் தலைவரின் குரல். எழுத்தாக்கியவர்களிடமிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது, ஆகவே அந்தப் பகுதியை எல்லோருமாகக் கேட்போம் என்கிறார். போட்டுக் காட்டுகிறார்கள். அதே அரை நொடி. மறுபடியும் போடுகிறார்கள். பிறகு அவர் வக்கீலை விட்டுவிட்டு நேரடியாக அவளையே கேட்டார்.

"இது என்ன சத்தம்?"

அவ்வளவுதான் கேள்வி. ஏன் சிரித்தாய் என்று கேட்கவில்லை.

அவள், "சிரிப்புதான்" என்றாள். "நான் சிரித்தேன். நேற்று இல்லையென்று சொன்னது பயத்தினால்."

அடிப்பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஊகம் தவறாக இருக்கலாம் என்று பெயர் போட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். நாற்காலியை இழந்திருக்கிறேன். இவள் என்னடாவென்றால் ஆமாம், சிரித்தேன் என்கிறாள். முதல் நாள் நான் போட்டது சரிதானா? என் குறிப்பே இவள் கழுத்துக்குக் கயிறாகிவிட்டதா?

தலைவர் விடவில்லை. "எதற்காகச் சிரித்தீர்கள்?"

"அவர் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது."

"ஒன்றும் சொல்லவில்லை என்றீர்களே?"

"சொன்னார். என்னைத் திருடி என்றார்."



அவள் சொல்லத் தொடங்கினாள். மூன்று மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டு போவாள். அந்தப் பெரியவர் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிடுவார், சாப்பிட்டது மறந்துவிடும். சட்டை முழுக்கத் துகள். அந்தத் துகளோடு உட்கார்ந்துகொண்டு, என் பிஸ்கட்டைத் திருடியது நீதானே, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று விரலை ஆட்டி மிரட்டுவார். தினமும் இதே வழக்கு. இவள் தினமும், ஆமாம் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் திருப்பித் தருகிறேன் என்பாள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. "நாளைக்குத் தரவில்லை என்றால் பார்" என்றாராம். அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

"இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?"

"இறந்தவர் என்னைத் திருடி என்றார் என்று நானே எப்படிச் சொல்வேன்? அதையும் ஒரு குற்றமாக எழுதிவிடுவீர்கள் என்று பயந்தேன்."

தலைவர் யாரிடமோ டாக்டரின் அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார். புரட்டுகிறார். ஓரிடத்தில் நிறுத்திப் படிக்கிறார். இறந்தவரின் சட்டையிலும் மடியிலும் பிஸ்கட் துகள்கள். அந்தத் தாழ்வாரத்துக்கு அன்றைக்கு மூன்று மணி டீயை எடுத்துப் போகும் முறை யாருடையது என்று இல்லத்தின் மேலாளரைக் கேட்கிறார். மேலாளர் இழுத்து இழுத்து, "அவருடையதுதான்" என்கிறார். அதற்கப்புறம் வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா? இல்லை.

அப்போது அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒரு குரல் வந்தது. இறந்தவரின் மகள். மூன்று நாளும் வீடியோ திரையில் ஏதோ ஒரு சதுரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அப்பா அப்படித்தான் திட்டுவார். நான் திருப்பித் தர வேண்டிய பிஸ்கட் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது."

சொல்லிவிட்டு அவள் ஒரு சத்தம் எழுப்பினாள். அதைக் கேட்டு நர்ஸும் ஒரு சத்தம் எழுப்பினாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

தலைவர் பத்து நிமிஷ இடைவேளை அறிவித்தார். திரும்பி வந்து, மூன்று மணிக்கு அறைக்குள் போகவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை, அது இத்துடன் முடிந்தது என்று வாசித்தார். நர்ஸ் பதிவு ரத்து இல்லை. அவள் வேலைக்குப் போகலாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், பெயர் சொல்லாத பெண்ணே. உன் சாஃப்ட்வேர் அந்த அரை நொடிக்கு என்ன போட்டிருக்கும்? சக்கிள் என்று போட்டிருக்கும். நானும் அதைத்தான் போட்டேன். கடைசியில் அது சிரிப்புதான் என்று அவளே சொன்னாள். ஆக, சாஃப்ட்வேரும் பாஸ், நானும் பாஸ். அந்தச் சொல்லை அப்படியே நிற்க விட்டிருந்தால் அவளுக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நீ ஒவ்வொரு சக்கிளையும் திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டியது அதற்காகத்தான். கேட்டும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. மெனுவில் அந்தச் சொல் இல்லை என்று சொல்லாதே, உனக்குத் தட்டச்சு தெரியும் என்று நம்பித்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த நாற்காலியை ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அது போகட்டும். மூன்றாம் நாள் மத்தியானம் என்ன ஆனது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அந்த இரண்டு பெண்களும் எழுப்பிய சத்தம் வரும் இடத்தை என்னால் அடிக்க முடியவில்லை. பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன், மறுபடி கேட்டேன். விரல் விசைப்பலகை மேல் இருக்கிறது, திரை மங்கலாகத் தெரிகிறது. ஹெட்செட்டைக் கழற்றவும் தோன்றவில்லை. தோள் ரெண்டும் என் பேச்சைக் கேட்காமல் ஆடின. அடுத்த சீட்டில் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் என் முதுகைத் தட்டினாள்.

"இன்னா மேடம், செம காமெடி ஃபைலா? இப்டி குலுங்கி குலுங்கி சிரிக்கிறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

நான் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள், "ஐயையோ, சாரி மேடம்" என்று எழுந்தேவிட்டாள். சாரி எதற்கும்மா, உட்காரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் மறுபடியும் அதேதான் வந்தது. அவள் மேல் தப்பே இல்லை. அது சிரிப்பா அழுகையா என்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.